0.224 அங்குல ரைஃபிள் குண்டுகள்: பெட்டியில் அச்சிட்ட பி.சி. எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஹார்னடி நிறுவனத்தின் 75 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அலகு) இஎல்டி மேட்ச் குண்டுக்கு ஜி7 முறையில் தரப்படும் பி.சி. எண், அதாவது காற்றின் தடையைக் குண்டு எவ்வளவு சமாளிக்கும் என்று சொல்லும் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட், 0.235. அதே நிறுவனம் விற்கும் 55 கிரெயின் முழு உறைக் குண்டுக்கு ஜி1 முறையில் தரப்படும் எண் 0.243. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், எண் பெரிதாக இருக்கிறதே என்று இரண்டாவது குண்டுதான் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என முடிவு கட்டிவிட வாய்ப்பு உண்டு. உண்மை நேர்மாறானது; ஜி1, ஜி7 இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்குக் காற்று வீசும் நாளில், 600 கெஜத் தொலைவில் முதல் குண்டு ஏறத்தாழ 32 அங்குலம் விலகும். இரண்டாவது, புறப்படும்போது வேகம் கூடுதலாக இருந்தும், 65 அங்குலம் விலகும். இவ்வளவு பெரிய வேறுபாட்டை மறைத்துவிடக்கூடிய எண்ணைத்தான் நாம் பெட்டியைப் பார்த்து வாங்குகிறோம் என்பதால், .223 ரெமிங்டன் ரைஃபிளில் போட்டிக்குப் பயன்படும் சில குண்டுகளை அந்த எண்ணின் அடிப்படையில் ஒப்பிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

தமிழ் வாசகர்கள் பலருக்குத் துப்பாக்கி சுடுதல் என்றால், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றோர் ஆடும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டிதான் நினைவுக்கு வரும். அங்கே கூரைக்குள் காற்று அசையாது, பி.சி. பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. இங்கே பேசப்படுவது அமெரிக்காவில் ஹை பவர் எனப்படும் போட்டி. 200 கெஜத்தில் நின்றபடியும் உட்கார்ந்தபடியும், 300 கெஜத்தில் படுத்தபடி விரைவாகவும், 600 கெஜத்தில் படுத்தபடி நிதானமாகவும் சுட வேண்டும். ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக் கரையில் இருக்கும் கேம்ப் பெரியில் ஆண்டுதோறும் நடக்கும் தேசியப் போட்டிகளின் அடிப்படை வரிசை இதுதான். என்னுடைய ரைஃபிள் 20 அங்குலக் குழலும் 1:8 ட்விஸ்ட்டும், அதாவது எட்டு அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்றுச் சுழல வைக்கும் வரிப்பள்ளமும் கொண்ட ஏஆர்-15 வகை. கீழே சொல்லும் விலகல் அளவுகள் எல்லாம், நிறுவனங்கள் தரும் ஜி1 எண்களைக் கொண்டு, கடல்மட்டக் காற்றில், மணிக்கு 10 மைல் நேர்க் குறுக்குக் காற்றுக்குக் கணக்கிட்டவை. வாசகர் குண்டின் பாதையைக் கணக்கிடும் தம் அலைபேசிச் செயலியில் போட்டுப் பார்த்தால் ஓர் அங்குலம் முன்னே பின்னே வரலாம்.

பி.சி. என்பது ஒரு குண்டு காற்றின் தடையை மீறித் தன் வேகத்தைக் காத்துக்கொள்ளும் திறனை ஓர் எண்ணாகச் சொல்வது. அதில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, குண்டின் எடையை அதன் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் குறுக்குவெட்டு அடர்த்தி. மற்றொன்று, வடிவம் எவ்வளவு வழுவழுப்பாகக் காற்றில் நுழைகிறது என்பதைச் சொல்லும் வடிவக் காரணி. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் பி.சி. கிடைக்கும். 0.224 அங்குலக் குண்டுகள் எல்லாவற்றுக்கும் விட்டம் ஒன்றே என்பதால், முதல் கூறு எடையை மட்டுமே பொறுத்தது: 55 கிரெயினுக்கு 0.157, 69 கிரெயினுக்கு 0.197, 77 கிரெயினுக்கு 0.219. எடை கூடக் கூட பி.சி. கூடும் என்ற பொது நம்பிக்கை இங்கிருந்துதான் வருகிறது. அது பாதி உண்மை மட்டுமே. சியரா நிறுவனத்தின் 77 கிரெயின் மேட்ச்கிங் குண்டின் ஜி1 எண் 0.372. அதைவிட இரண்டு கிரெயின் இலேசான ஹார்னடி 75 கிரெயின் இஎல்டி மேட்ச் குண்டின் ஜி1 எண் 0.467. எடை குறைந்தும் எண் நான்கில் ஒரு பங்கு கூடியிருப்பதற்குக் காரணம் முழுவதும் வடிவம்தான்: ஜி1 அளவில் முதலாவதன் வடிவக் காரணி ஏறத்தாழ 0.59, இரண்டாவதன் வடிவக் காரணி 0.46.

ஜி1, ஜி7 என்ற இந்தப் பெயர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஒப்பிடுவோர் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். குண்டின் பி.சி. என்பது தனித்து நிற்கும் எண் அல்ல. ஒரு மாதிரிக் குண்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். ஜி1 மாதிரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. ஜெர்மனியின் க்ரூப் நிறுவனம் 1881-ஐ ஒட்டி நடத்திய பீரங்கிச் சோதனைகளிலிருந்து ரஷ்யாவின் மாயெவ்ஸ்கி வகுத்த கணக்கும், அதைப் பின்பற்றி அமெரிக்க இராணுவ அதிகாரி இங்கல்ஸ் தயாரித்த அட்டவணைகளும் அதற்கு அடித்தளம். அந்த மாதிரியின் அடிப்பகுதி தட்டையானது, மூக்கு குட்டையானது. அக்காலப் பீரங்கிக் குண்டுக்கு அது பொருந்தியது. நீண்ட மூக்கும், படகின் பின்புறம் போல் ஒடுங்கிய வாலும் கொண்ட இன்றைய போட்டிக் குண்டுக்கு அது பொருந்தாது. ஜி7 மாதிரி அப்படிப்பட்ட ஒடுங்கிய வாலும் நீண்ட மூக்கும் உடையது. ஆகவே ஒரே குண்டுக்கு ஜி7 எண் ஜி1 எண்ணில் ஏறத்தாழப் பாதியாகத்தான் இருக்கும். 75 கிரெயின் இஎல்டிக்கு ஜி1-இல் 0.467, ஜி7-இல் 0.235 என்று இருப்பதைக் கண்டு யாரும் திகைக்க வேண்டியதில்லை; அவை ஒரே குண்டின் இரு அளவுகள்.

பொருந்தாத மாதிரியோடு ஒப்பிடுவதால் வரும் தொல்லை, வேகம் மாற மாற எண்ணும் மாறுவது. சியரா நிறுவனம் இதை மறைக்காமல் வேக அடுக்குகளாகப் பிரித்தே ஜி1 எண்களைத் தருகிறது. அதன் 69 கிரெயின் மேட்ச்கிங் குண்டுக்கு வினாடிக்கு 2,800 அடிக்கு மேல் 0.301 என்றும், அதற்குக் கீழே 2,200 அடி வரை 0.305 என்றும் கொடுத்திருக்கிறது. இது நேர்மையான முறை. ஆனால் வாங்குபவர் விளம்பரத் தாளில் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கிறார். செயலியிலும் ஒரே ஓர் எண்ணைத்தான் உள்ளிடுகிறார். ஜி7 எண் வேகத்தோடு மிகக் குறைவாகவே மாறுவதால், ஒரே எண்ணை உள்ளிடும் பழக்கமுள்ளவருக்கு அதுவே பாதுகாப்பு. பெர்கர் நிறுவனம் ஜி1, ஜி7 இரண்டையும், குண்டுக்குத் தேவையான ட்விஸ்ட்டையும் பெட்டியிலேயே அச்சிடுகிறது. அதன் பாலிஸ்டிக் வல்லுநராக இருந்த பிரையன் லிட்ஸ் ஜி7 எண்களைப் பரவலாக்கியதில் பெரும் பங்கு வகித்தவர். மற்ற நிறுவனங்களும் இப்படிப் பெட்டியிலேயே அச்சிட்டால் வாடிக்கையாளருக்கு எவ்வளவோ வசதி.

இனிக் குண்டுகளுக்கு வருவோம்.

55 கிரெயின் முழு உறைக் குண்டைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வினாடிக்கு 3,000 அடி வேகத்தில் புறப்பட்டும், 600 கெஜம் சேரும்போது அது 1,200 அடி அளவுக்கு இறங்கி, ஒலியின் வேகத்தை நெருங்கிவிடுகிறது. 200 கெஜத்தில் பயிற்சிக்கு நன்று. அதற்கு மேல் அதன்மீது நம்பிக்கை வைக்க வேண்டாம்.

சியரா 69 கிரெயின் மேட்ச்கிங் இன்றும் பலருடைய முதல் போட்டிக் குண்டு. அதற்குக் காரணம் பி.சி. அல்ல. 1:9 ட்விஸ்ட் கொண்ட பழைய குழல்களிலும் அது நிலையாகச் சுழலும். தோட்டாக்களை அடுக்கி ரைஃபிளில் செருகும் மேகசினின் நீளத்துக்குள் வசதியாக அடங்கும். வெடிமருந்துக் கூட்டின் வாயில் எந்த ஆழத்தில் பொருத்தினாலும் பெரிதாக முரண்டு பிடிக்காது. 2,800 அடியில் புறப்பட்டால் 600 கெஜத்தில் அதன் காற்று விலகல் 50 அங்குலத்தைத் தாண்டும். 300 கெஜம் வரை இதைக் குறை சொல்ல முடியாது. 600-க்கு இதைக் கொண்டுபோவது, தெரிந்தே கடினமான வழியைத் தேர்ந்தெடுப்பது.

77 கிரெயின் மேட்ச்கிங் குண்டைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஏஆர்-15 மேகசினில் முழுத் தோட்டாவின் நீளம் 2.260 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அந்தக் கட்டுக்குள், இவ்வளவு எடையை, இவ்வளவு துல்லியத்தோடு அடக்கியதுதான் இக்குண்டின் சாதனை. அதற்காக அதன் மூக்கைக் குட்டையாக வைக்க வேண்டியிருந்தது; பி.சி. 0.372-இல் நின்றுபோனதற்கு அதுதான் காரணம். 2,700 அடியில் புறப்பட்டால், 600 கெஜத்தில் விலகல் சுமார் 42 அங்குலம். இந்த எண்ணைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், 200 கெஜத்துக்கான கணக்கையும் பார்க்க வேண்டும்: அங்கே இதன் விலகல் நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, உயர்ந்த பி.சி. கொண்ட 75 கிரெயின் இஎல்டியின் விலகல் மூன்று அங்குலம். நின்றபடி சுடும்போது உடல் ஆடும் ஆட்டத்தில் அந்த ஓர் அங்குலத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. 300 கெஜத்தில் வேறுபாடு இரண்டு அங்குலம். அங்கே எழுபது வினாடியில் பத்துக் குண்டுகளை, நடுவில் மேகசினை மாற்றிச் சுட வேண்டியிருப்பதால், தோட்டா சிக்காமல் ஏறுவதுதான் முதல் தேவை. இந்த இரண்டு தொலைவுகளுக்கும் 77 கிரெயின் மேட்ச்கிங்கை விட்டு நான் விலகப் போவதில்லை.

இதே மேகசின் நீளத்துக்குள் அடங்கும் மாற்றுகள் இரண்டு. ஹார்னடியின் 75 கிரெயின் பிடிஎச்பி மேட்ச், ஜி1 எண் 0.395, அதே நிறுவனத்தின் 73 கிரெயின் இஎல்டி மேட்ச், ஜி1 எண் 0.398. காகிதத்தில் இரண்டும் 77 கிரெயினை முந்துகின்றன. களத்தில் 600 கெஜத்தில் கிடைக்கும் இலாபம் மூன்று அங்குலம். 73 கிரெயின் குண்டு, மேகசினில் அடங்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டது என்பதால், விரைவுச் சுடலுக்கும் நிதானச் சுடலுக்கும் ஒரே தோட்டாவை வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு அது நியாயமான தேர்வு. 75 கிரெயின் பிடிஎச்பி என் குழலில் 77 கிரெயின் அளவுக்கு இலக்கில் துளைகளை நெருக்கமாக விழ வைக்கவில்லை. ஆனால் குழலுக்குக் குழல் இது மாறும். என் அனுபவத்தை வைத்து அதை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் கவர்ந்தது 75 கிரெயின் இஎல்டி மேட்ச். இதற்கு முன் அந்த இடத்தில் இருந்த ஏ-மேக்ஸ் குண்டின் ஜி1 எண் 0.435. குண்டின் முனையில் செருகப்பட்ட பாலிமர் நுனி, பறக்கும்போது எழும் வெப்பத்தில் உருக்குலைகிறது என்பதை டாப்ளர் ரேடார் வழியாகக் கண்டறிந்ததாக ஹார்னடி 2015-இல் அறிவித்து, வெப்பம் தாங்கும் புதிய நுனியோடு இஎல்டி வரிசையைக் கொண்டுவந்தது. விளம்பரத்துக்காகச் சொல்கிறார்கள் என்று அப்போது பலர் எண்ணினார்கள். நீண்ட தொலைவு சுடும் பெரிய குண்டுகளில் அந்த விளைவு தெளிவாகத் தெரியும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. இந்தச் சிறு குண்டில், 600 கெஜத்துக்குள், நுனியின் பொருளை விட மூக்கின் நீளமே அதிகம் உதவுகிறது என்பது என் கருத்து. ஹார்னடி தரும் எண் எந்த வேகத்தில் அளந்தது என்பதையும், அதாவது மாக் 2.25 (ஒலியின் வேகத்தைப் போல் 2.25 மடங்கு), சொல்லிவிடுகிறது என்பது பாராட்டுக்குரியது.

விலகல் கணக்கைப் புள்ளிகளாக மாற்றிப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். 600 கெஜ இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 12 அங்குலம். நடுவில் உள்ள எக்ஸ் வளையம் 6 அங்குலம். காற்றின் வேகத்தை மணிக்கு ஒன்றரை மைல் தவறாகக் கணித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஏரியிலிருந்து வீசும் காற்றில், கானலின் ஓட்டத்தை ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் பார்த்துக் கணிப்பவருக்கு இது பெரிய பிழை அல்ல. 77 கிரெயின் குண்டு நடுவிலிருந்து 6.4 அங்குலம் தள்ளிப் போய் ஒன்பதில் விழும். 75 கிரெயின் இஎல்டி 4.8 அங்குலம் மட்டுமே தள்ளிப் போய்ப் பத்திலேயே நிற்கும். இலக்கைக் குழிக்குள் இறக்கி, துளையில் வட்டத் தகட்டைச் செருகி மீண்டும் உயர்த்தும்போது, அந்தத் தகடு கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதில் பி.சி. எண் புள்ளியாக மாறுவதைக் காணலாம்.

இதன் குறை, மேகசினில் அடங்காது என்பது. 600 கெஜ நிதானச் சுடலில் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கையால் போடுவதே வழக்கம் என்பதால் அங்கே இது பொருட்டல்ல. இன்னொரு குறை, பொருத்தும் ஆழத்தில் இது சற்று முரண்டு பிடிக்கிறது. 77 கிரெயின் குண்டுக்கு அளவு ஒருமுறை வைத்தால் மறந்துவிடலாம். இதற்குத் தேடிப் பிடிக்க வேண்டும்.

80 கிரெயின் மேட்ச்கிங் பல ஆண்டுகளாக 600 கெஜத்தின் நம்பகமான குண்டு. ஜி1 எண் 0.420. 2,600 அடியில் புறப்பட்டால் விலகல் 39 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. எண்ணளவில் 75 கிரெயின் இஎல்டி இதைத் தெளிவாக முந்திவிட்டது. ஆனாலும் இதை இன்னும் கையில் வைத்திருப்பவர்களைப் பார்த்து நான் ஏளனம் செய்ய மாட்டேன். தன் குழலில் ஆண்டுக்கணக்கில் நிரூபித்த குண்டைக் கொண்டு காற்றைப் படிக்கத் தெரிந்தவர், புதிய குண்டோடு வரும் காற்று தெரியாதவரை எளிதில் வென்றுவிடுவார்.

இஎல்டி வரிசையிலேயே 80 கிரெயினும் 88 கிரெயினும் உண்டு. ஜி1 எண்கள் முறையே 0.485, 0.545. பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறவருக்கு 88 கிரெயின்தான் முடிசூடிய மன்னன். ஆனால் .223 ரெமிங்டன் தோட்டாவின் வெடிமருந்துக் கூடு சிறியது. எடை கூடினால் வேகம் குறைந்தே தீரும். 80 கிரெயினை 2,600 அடியில் வைத்துக் கணக்கிட்டால், விலகல் 32 அங்குலத்துக்குச் சற்று மேல். 2,700 அடியில் போகும் 75 கிரெயினுக்கும் அதற்கும் வேறுபாடே இல்லை. 88 கிரெயினை 2,500 அடியில் வைத்தால் 30 அங்குலம். எண்ணில் ஆறில் ஒரு பங்கு உயர்ந்தும், காற்றில் கிடைத்தது இரண்டே அங்குலம். அதற்கு விலையாகக் கூடுதல் உதைப்பும், தாழ்ந்து வளையும் பாதையும், புதிய குழலும் வேண்டும். பெரிய கூட்டில் கதை வேறு: ஹார்னடி 2024-இல் அறிமுகப்படுத்திய 22 ஏஆர்சி தோட்டாவில் இதே 88 கிரெயின் 2,820 அடியில் புறப்படுவதாக நிறுவனம் சொல்கிறது, அந்த வேகம் இருந்தால்தான் அந்த பி.சி. தன் முழுப் பயனைத் தரும். பி.சி. எண்ணை வேகத்தோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பதற்கு இந்த மூன்று குண்டுகளைப் போல் தெளிவான சான்று வேறு கிடைக்காது.

ட்விஸ்ட் பற்றியும் சொல்ல வேண்டும். குண்டு நீள நீள, அதை நிமிர்ந்து பறக்க வைக்க வேகமான சுழற்சி தேவை. சுழற்சி தளர்ந்த பம்பரம் தலையாட்டுவது போல, போதிய சுழற்சி இல்லாத குண்டும் தலையாட்டிக்கொண்டே போகும். இலக்கில் துளை வட்டமாக இருப்பதாலேயே எல்லாம் சரி என்று எண்ணிவிடக் கூடாது. நிலைத்தன்மைக் காரணி 1.5-க்குக் கீழே இருந்தால், குண்டு கவிழாமல் போனாலும், அந்தச் சிறு ஆட்டத்திலேயே பி.சி.யில் ஒரு பகுதியை இழந்துவிடும். அதாவது பெட்டியில் எழுதிய எண் உங்கள் குழலுக்குப் பொருந்தாது. 69 கிரெயினுக்கு 1:9 போதும். 77, 80 கிரெயின் மேட்ச்கிங்குகளுக்கும் 75 கிரெயின் இஎல்டிக்கும் 1:8 வேண்டும். 88 கிரெயினுக்கு 1:7 அல்லது அதைவிட இறுக்கமானது. 1:9 குழலை வைத்துக்கொண்டு உயர்ந்த பி.சி. குண்டைத் தேடுவது வீண் செலவு. குழலை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் 69 கிரெயினோடு நிம்மதியாக இருங்கள்.

குண்டின் முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மற்றொரு செய்தி தெரியும். மேட்ச்கிங் போன்ற திறந்த முனைக் குண்டுகளில் செம்பு உறை அடியிலிருந்து முனை நோக்கி இழுக்கப்படுவதால், முனையில் ஒரு சிறு துளை நிற்கிறது. அதன் விளிம்பு ஒரு குண்டில் சீராக வெட்டியது போலவும், அடுத்ததில் ஒரு பக்கம் நீண்டு பிசிறடித்தது போலவும் இருக்கும். மொத்த நீளத்தை வெர்னியரால் அளந்தால் ஒரே பெட்டிக்குள் குண்டுக்குக் குண்டு மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பிசிறுதான். வரிப்பள்ளத்தைத் தொடும் இடம் வரை அளந்தால் வேறுபாடு மிகக் குறைவு. முனை மாறினால் பி.சி.யும் சற்று மாறும். 77 கிரெயினில் பி.சி. ஒரு விழுக்காடு மாறினால், 600 கெஜத்தில் ஏற்ற இறக்கம் ஓர் அங்குலத்துக்குள் அடங்கும். எக்ஸ் வளையத்தை எண்ணுகிறவருக்கு அதுவும் உறுத்தும். இதற்காகவே சிலர் முனைகளை ஒரே நீளத்துக்குச் சீவி, பிறகு அச்சில் அழுத்திக் கூராக்குகிறார்கள். கூராக்கினால் பி.சி. சில விழுக்காடு உயரவும் செய்யும். பாலிமர் நுனி கொண்ட குண்டில் இந்த வேலை இல்லை. நுனிகள் அச்சில் வார்த்தவை என்பதால் ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கிறது. இஎல்டியை நான் விரும்புவதற்கு அதன் உயர்ந்த எண்ணுக்கு நிகரான காரணம் இந்தச் சீர்மை. அதற்காகப் புறப்படும் வேகத்தின் சீர்மையை மறந்துவிடக் கூடாது: வினாடிக்கு 10 அடி வேக வேறுபாடும் 600 கெஜத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கத்தைத் தரும். வேகம் முப்பது அடி அங்குமிங்கும் தாவும் தோட்டாவை வைத்துக்கொண்டு பி.சி.யின் மூன்றாவது தசமத்தைப் பற்றி விவாதிப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

எண்களை ஒப்பிடும்போது, அவை எந்தக் காற்றுக்குச் சொல்லப்பட்டவை என்பதையும் பார்க்க வேண்டும். பழைய அமெரிக்க இராணுவத் தர வளிமண்டலம் ஒன்று, இன்று விமானத் துறையில் வழங்கும் பன்னாட்டுத் தர வளிமண்டலம் மற்றொன்று; இரண்டுக்கும் அடர்த்தி வேறுபாடு இரண்டு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே இரு வேறு நிறுவனங்களின் குண்டுகளில் 0.372-க்கும் 0.374-க்கும் இடையே வெற்றி தோல்வி அறிவிப்பது பொருளற்றது. களத்தின் உயரமோ இதைவிடப் பல மடங்கு பெரிய விளைவு. கேம்ப் பெரி ஏரி மட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து அறுநூறு அடிக்குள் இருக்கிறது. நியூ மெக்சிகோவில் ராட்டன் ஊருக்கு அருகிலுள்ள விட்டிங்டன் மையம் ஆறாயிரம் அடிக்கு மேல். அங்கே காற்று ஆறில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்திருப்பதால், எல்லாக் குண்டுகளும் தங்கள் பி.சி. உயர்ந்துவிட்டதைப் போல நடந்துகொள்ளும். இங்கிருந்து அங்கே போகிறவர், செயலியில் பி.சி.யை மாற்றக் கூடாது. காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் மாற்ற வேண்டும்.

செயலியில் ஜி1, ஜி7 தேர்வுப் பொத்தானை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். 0.235-ஐ ஜி1 என்ற இடத்தில் உள்ளிட்டால், 600 கெஜத்துக்கு அது சொல்லும் உயரத் திருத்தம் குண்டை இலக்குக்கு மேலே மண்மேட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

என் தேர்வைக் கேட்டால், 1:8 குழல் உள்ளவர்கள் 200, 300 கெஜத்துக்கு 77 கிரெயின் மேட்ச்கிங், 600-க்கு ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட 75 கிரெயின் இஎல்டி மேட்ச் என்று இரண்டு பெட்டிகள் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு தோட்டாக்களைப் பேண விரும்பாதவர்களுக்கு 73 கிரெயின் இஎல்டி. 88 கிரெயினை, 1:7 குழல் கொண்ட போல்ட் ரைஃபிளில் (ஒவ்வொரு சுடலுக்கும் கையால் இயக்குவது) எஃப்-டிஆர் எனப்படும், தாங்கியில் வைத்துச் சுடும் பிரிவில் 1,000 கெஜம் வரை சுடுகிறவர்கள் மட்டும் வாங்கலாம். 600 கெஜத்தில் மிச்சமாகும் இரண்டு அங்குலம் 1,000 கெஜத்தில் கூடிக்கொண்டே போகும். அந்தத் தொலைவில் 77 கிரெயின் குண்டு ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிட்டிருக்கும் என்பதால், அங்கே அதை ஒப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.